அப்டேட்டும் குயவனின் கழுதையும்

காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் சந்நிதியில் சத்தியம் செய்வதென்பது சித்தூர் ஜில்லாவில் இன்றும் விளையாட்டுக் காரியமன்று. பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினைத் தகராறு முற்றினாலும், வாங்கிய கடனை வாங்கவேயில்லை என்று ஒருவன் சாதித்தாலும், மேடையில் ஒருவர்மேல் ஒருவர் குற்றஞ்சாட்டிக்கொள்ளும் அரசியல்வாதிகளுக்கு வாதங்கள் தீர்ந்துபோனாலும், "காணிப்பாக்கத்துக்கு வந்து பிரமாணம் செய்யத் தயாரா?" என்று அறைகூவுகிற வழக்கம் இந்தப் பிராந்தியத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது, புஷ்கரிணியில் முழுகி எழுந்து, ஈரத்துணியோடு அந்தச் சுயம்பு மூர்த்தியின் முன்னே நின்று பொய் சொன்னவன் தப்பியதில்லை என்பது ஜனங்களுடைய திடமான நம்பிக்கை. அப்பேர்ப்பட்ட க்ஷேத்திரத்தில் கோயில் வீதியிலேயே கடை வைத்திருக்கும் என் தம்பி மகன், "அப்டேட் போட்டதாலதான் பெரியப்பா, போர்ட் ரெண்டும் போச்சு, வேணும்னா சாமி முன்னாடி பிரமாணம் பண்றேன்" என்று சொன்னபோது, அவசரப்படாதே என்று அவனைத் தடுக்கவேண்டியதாயிற்று. இரவில் அப்டேட் வந்ததை அவன் கண்டான். காலையில் போர்ட் வேலை செய்யாததையும் கண்டான். ஆனால் அதனால்தான் இது விளைந்தது என்கிற நடுக்கண்ணியை அவன் காணவில்லை. காணாததற்குச் சத்தியம் செய்யலாகாது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ஒரு ஜெராக்ஸ் யந்திரம், கம்பியில்லாமல் இணைந்த ஒரு பிரிண்டர், ஒரு மடிக்கணினி, அதன் இடப்பக்கத்து யு.எஸ்.பி. போர்ட்டில் செருகிய கைரேகைக் கருவி, இவ்வளவுதான் மூலதனம். திருப்பதியில் தரிசனத்தை முடித்துக்கொண்டு சுமார் 70 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வந்து இறங்கும் யாத்திரிகர்கள் ரயில் டிக்கெட்டை அச்சடிக்கவும் ஆதார் அட்டைக்குப் பிரதி எடுக்கவும் வருவார்கள். சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து வயதானவர்கள் வந்து, மந்த்ரா என்றும் மார்ஃபோ என்றும் கம்பெனிப் பெயராலேயே வழங்கப்படும் அந்தச் சிறு கருவியின் கண்ணாடியில் விரலை வைத்து, தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கருவி நின்றால் கடையின் பாதி நின்றது. அன்று காலையில் ஒரு கிழவி, "வேலிமுத்ர படலேதா நாயனா?" (விரல்ரேகை விழவில்லையா அப்பா?) என்று தன் விரலையே குற்றவாளியாக்கிப் புடைவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாளாம். வயல் வேலையிலே ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு அந்தச் சந்தேகம் முதலில் தம்மேலேயே எழுவது இயல்பு.

நடந்தது இவ்வளவுதான். இரவு கடையை மூடும்போது கணினி தன் வழக்கப்படி அப்டேட்டுகளை இறக்கிப் போட்டுக்கொண்டு அணைந்தது. காலையில் இடப்பக்கத்துப் போர்ட்டில் கைரேகைக் கருவி உயிரற்றிருந்தது. அதைப் பிடுங்கி, ஒரு அடாப்டரின் துணையோடு வலப்பக்கத்து டைப்-சி போர்ட்டில் செருகினான். அங்கும் அதே கதி. அதே வலப்பக்கத்தில் உள்ள மற்றொரு சாதாரணப் போர்ட்டில் மவுஸ் மட்டும் ஒன்றும் நேராததுபோல் வேலை செய்துகொண்டிருந்தது. மவுஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கருவியைச் செருகி அன்றைய வியாபாரத்தை ஒருவாறு ஒப்பேற்றிவிட்டு, மாலையில் 12 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சித்தூருக்கு எடுத்துச் சென்றான். அங்கே ஒரு ரிப்பேர் கடையில், இரண்டு போர்ட் ஒரே சமயத்தில் போயிருப்பதால் மதர்போர்டுதான் போயிருக்கவேண்டும், மாற்றிவிடலாம் என்று சொல்லி, புதுக் கணினியின் பாதி விலையைக் கேட்டார்களாம். அதன் பிறகுதான் அவனுக்கு என் ஞாபகம் வந்தது.

நியாய சாஸ்திரக்காரர்கள் இப்படிப்பட்ட இடத்திற்கென்றே ஒரு கழுதையை வைத்திருக்கிறார்கள். குடம் உண்டாவதற்கு முன்னே களிமண் இருந்தது, சக்கரம் இருந்தது, அதைச் சுழற்றும் கோல் இருந்தது, குயவன் இருந்தான்; மண்ணைச் சுமந்துவந்த கழுதையும் இருந்தது. முன்னே இருந்தது என்கிற ஒன்றினால் கழுதையைக் குடத்திற்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? மண் வண்டியிலே வந்திருந்தாலும் குடம் ஆகியிருக்கும். ஆகவே கழுதை காரணமன்று. காரியத்திற்கு முன்னே தவறாமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காரியம் நடவாது என்றும் இருக்கவேண்டும் என்று அவர்கள் காரணத்துக்கு வரம்பு கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் இந்த வகை விசாரணைக்குப் பாலபாடமாகப் பல தலைமுறைகளாகப் படிக்கப்பட்டுவருகிறது. உண்டானால் உண்டாவது அன்வயம். இல்லையானால் இல்லையாவது வியதிரேகம். இரண்டையும் பார்த்த பிறகே நிர்ணயம். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு இதைவிடச் சிறந்த விதியை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.

நிற்க. அப்டேட்டின்மேல் பிள்ளையாண்டானுக்கு எழுந்த சந்தேகம் அசட்டுச் சந்தேகம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சரித்திரம் அவன் பக்கத்தில் இருக்கிறது. 1998-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ஆம் தேதி சிகாகோ நகரத்துக் காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நின்றுகொண்டிருக்க, வெளிவரவிருந்த விண்டோஸ் 98-இன் பெருமையைக் காட்டும்பொருட்டு உதவியாளர் ஒருவர் ஒரு ஸ்கேனரை யு.எஸ்.பி. போர்ட்டில் செருகிய மாத்திரத்தில், திரை நீலமாகிக் கணினி நின்றுபோனது. சபை கொல்லென்று சிரித்தது. செருகினால் தானே தெரிந்துகொள்ளும் என்பதைக் காட்ட நடத்திய வைபவத்தில் செருகினதே வினையாயிற்று. யு.எஸ்.பி.யின் முதல் இலக்கணம் வெளியானது 1996 ஜனவரியில். அப்போது அதற்கு இரண்டு வயதுதான். பரோடாவில் பொறியியல் படித்து இன்டெல் கம்பெனியில் சேர்ந்த அஜய் பட், வீட்டில் ஒரு பிரிண்டரை இணைப்பதற்குள் மனிதர்கள் படும் பாட்டைக் கண்டு, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வாசல் என்கிற யோசனையை முன்வைத்தவர்களில் முதன்மையானவர். இன்டெல் இதற்கு ராயல்டி வாங்குவதில்லை என்று வைத்ததனால்தான் அது காணிப்பாக்கம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

பிற்காலத்து உதாரணங்களுக்கும் குறைவில்லை. 2018 பிப்ரவரி 13-ஆம் தேதி மைக்ரோசாப்ட் வெளியிட்ட கே.பி. 4074588 என்னும் அப்டேட்டைப் போட்ட சில விண்டோஸ் 10 கணினிகளில் யு.எஸ்.பி. கருவிகளும், மடிக்கணினியோடு பிறந்த காமிராவும் விசைப்பலகையும்கூட நின்றுபோயின. காரணத்தை அந்த நிறுவனமே பின்னர் விளக்கியது: புதிய டிரைவரைப் போடவேண்டிய கட்டம் சில கணினிகளில் தவறுதலாகத் தாண்டப்பட்டுவிட்டது, பராமரிப்பு வேளையில் பழைய டிரைவர் மட்டும் கடமை தவறாமல் நீக்கப்பட்டுவிட்டது. புதியவன் வந்து சேராமலே பழையவனுக்கு விடை கொடுத்தாயிற்று என்றால் வாசலில் யார் நிற்பது? மார்ச் முதல் வாரத்தில் வேறொரு அப்டேட் வந்து இதைத் திருத்தியது. 2024 மார்ச்சில் ஆப்பிளின் மேக் ஓ.எஸ். 14.4 வந்தபின் வெளித் திரைகளில் உள்ள யு.எஸ்.பி. ஹப்கள் சிலருக்குத் தெரியாமற்போய், அதே மாதத்தில் 14.4.1 வந்து சரிசெய்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் நேர்ந்ததோ தனி வேடிக்கை: கணினி சாதாரணமாக ஓடும்போது மவுஸும் விசைப்பலகையும் வேலை செய்யும், கோளாறு வந்தால் போய்ச் சேரவேண்டிய மீட்புத் திரைக்குப் போனால் மட்டும் யு.எஸ்.பி. மவுஸும் விசைப்பலகையும் அசையா. வைத்தியசாலைக்குள் நுழைந்தவுடன் நோயாளியின் நாவைக் கட்டிவிட்டால் எப்படி? ஆறு நாளுக்குள், 20-ஆம் தேதி, அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டார்கள்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை உறுத்துவது 2014 அக்டோபரில் நடந்த காரியம். யு.எஸ்.பி.யைப் பழைய சீரியல் இணைப்பாக மாற்றும் சில்லுகளைச் செய்கிற எஃப்.டி.டி.ஐ. என்னும் ஸ்காட்லாந்து தேசத்துக் கம்பெனி, தன் சில்லைப்போலவே செய்யப்பட்ட போலிகள் சந்தையில் மலிந்திருப்பதைக் கண்டு, விண்டோஸ் அப்டேட் வழியாகப் போன தன் டிரைவரில் ஒரு தந்திரம் வைத்தது. ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவிக்குள்ளும் தயாரிப்பாளர் எண் ஒன்றும் சரக்கு எண் ஒன்றும் எழுதப்பட்டிருக்கும். போலியைக் கண்டுவிட்டால் அந்த டிரைவர் அதன் சரக்கு எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிடும். அதன் பிறகு அந்தக் கருவியை எந்தக் கணினியில் செருகினாலும் அது இன்னதென்று கணினிக்குத் தெரியாது. கூக்குரல் எழுந்ததும் டிரைவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். போலி செய்தவன் எங்கேயோ சுகமாக இருக்க, அசலென்று நம்பி வாங்கியவனுடைய கருவி அல்லவா மாண்டது? ப்ரோலிஃபிக் என்னும் தைவான் கம்பெனி இவ்வளவு கடுமை காட்டவில்லை. அதன் பழைய வகைச் சில்லுள்ள கேபிளைப் புதிய விண்டோஸில் செருகினால், இது 2012-லேயே நிறுத்தப்பட்ட சரக்கு, விற்றவரைப் போய்க் கேள் என்கிற பொருளில் டிவைஸ் மேனேஜரில் ஒரு வாசகம் தோன்றும், அவ்வளவே. பழைய எடைமேடைகளையும் மீட்டர்களையும் இப்படிப்பட்ட கேபிளில் கட்டிவைத்திருப்பவர்கள், போர்ட் போயிற்று என்று அழுவதற்கு முன் அந்த வாசகம் இருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

ஆக, அப்டேட்டுக்குப் பழைய குற்றப் பதிவுகள் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய குற்றவாளி என்பதற்காகப் புதிய குற்றத்தை விசாரிக்காமல் தலையில் கட்டுவது போலீஸ்காரர்களின் சம்பிரதாயமாக இருக்கலாமேயொழிய நியாயமாகாது.

விசாரணைக்கு முன் ஒரு போர்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 செருகியில் நான்கு உலோகப் பட்டைகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. மின்சாரம் 5 வோல்ட். பேச்சு மற்ற இரண்டின் வழியாக நடக்கிறது. ஒரு கருவியைச் செருகியதும் அதனுள்ளேயிருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை அந்தப் பேச்சுக் கம்பிகளில் ஒன்றின் அழுத்தத்தை உயர்த்தும். கணினிப் பக்கத்துக் கண்ட்ரோலர் அதைக் கொண்டே யாரோ வந்திருப்பதை உணரும். உடனே அவரைத் துடைத்துப் புதிதாக்கி, நீ யார் என்று கேட்டு, ஒரு விலாச எண்ணைக் கொடுத்து, அவர் சொல்லும் தயாரிப்பாளர் எண்ணையும் சரக்கு எண்ணையும் வைத்து, தக்க டிரைவரைத் தேடி அமர்த்தும். இத்தனையும் கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடும். ஆகையால் "போர்ட் போச்சு" என்கிற ஒரு வாக்கியத்துக்குள்ளே நான்கு வெவ்வேறு மரணங்கள் ஒளிந்திருக்கலாம்: மின்சாரமே வராமலிருக்கலாம், மின்சாரம் வந்தும் பேச்சு வராமலிருக்கலாம், பேச்சு வந்தும் டிரைவர் அகப்படாமலிருக்கலாம், எல்லாம் சரியாக இருந்தும், கைரேகைக் கருவிகளுக்கு வேண்டிய ஆர்.டி. சர்வீஸ் என்கிற மேல்நிலைச் செயலி தூங்கிக்கொண்டிருக்கலாம். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த மலிவு கேபிள்களில் பேச்சுக்குரிய கம்பிகளே இராது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அந்தக் கேபிளின் பாவத்தைப் போர்ட் சுமப்பது தினசரி நடக்கிறது.

மவுஸ் இருந்த போர்ட்டில் கைரேகைக் கருவி வேலை செய்தது என்பதால் கருவியும், அதன் டிரைவரும், ஆர்.டி. சர்வீஸும் நிரபராதிகள் என்று முதலிலேயே விடுதலையாயினர். மிச்சம் இருப்பவை இரண்டு போர்ட்டுகள். இங்கேதான் சித்தூர்க் கடைக்காரர் வழுக்கினார் என்பது என் அபிப்பிராயம். இரண்டும் ஒரே நாளில் போயின, ஆகவே ஒரே காரணத்தால் போயின என்று அவர் வைத்துக்கொண்டார். நான் பையனிடம், "டைப்-சி போர்ட்டுல இதுக்கு முன்னாடி கடைசியா எப்போடா எதையாவது செருகின?" என்று கேட்டேன். அவன் வெகுநேரம் யோசித்து, "பிரம்மோற்சவத்தப்போ, யாரோ ஒருத்தர் போன்லேர்ந்து போட்டோ எடுக்க..." என்று இழுத்தான். விநாயக சதுர்த்தியில் தொடங்கி 21 நாள் நடக்கும் உற்சவம் அது. முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அப்படியானால் டைப்-சி போர்ட் அப்டேட் இரவில் செத்தது என்பதற்குச் சாட்சி ஏது? அது எப்போது செத்ததோ! அன்று காலையில்தான் பிரேதம் கண்டெடுக்கப்பட்டது.

அடுத்தது, இயங்குதளத்தையே விலக்கிவிட்டு யந்திரத்தை மட்டும் விசாரிப்பது. இதற்கு இரண்டு வழிகள். கணினியைத் திறக்கும்போதே உரிய விசையை அழுத்தி பயாஸ் திரைக்குள் போய், ஒரு யு.எஸ்.பி. விசைப்பலகையைச் சந்தேகமான போர்ட்டில் செருகிப் பார்ப்பது ஒன்று. அங்கே இன்னும் விண்டோஸும் இல்லை, அதன் அப்டேட்டும் இல்லை. உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பெண்டிரைவில் எழுதி, வேலை செய்யும் போர்ட்டில் செருகி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து ஓடவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வழியில் இறங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை: இக்காலத்துக் கணினிகளில் பல, உடையவன் அறியாமலே தம் டிஸ்கைப் பிட்லாக்கரால் பூட்டிவைத்திருக்கின்றன, பயாஸில் கை வைத்தால் அடுத்த முறை 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்கக்கூடும். அதை மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே நாங்கள் தொடங்கினோம். கோயில் வீதியில் இப்படிப்பட்ட முன்ஜாக்கிரதையைப் பார்த்தவர்கள் ஏதோ யாகத்துக்குச் சங்கற்பம் செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

சாட்சியம் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்துப் போர்ட் பயாஸில் வேலை செய்தது. லினக்ஸிலும் வேலை செய்தது. டைப்-சி போர்ட் எங்கும் வேலை செய்யவில்லை.

டைப்-சியை முதலில் முடித்துவிடுகிறேன். இயங்குதளம் அற்ற இடத்திலும் வாய் திறக்காத போர்ட்டுக்கு விண்டோஸ் அப்டேட் பொறுப்பாகாது. ஆனால் அப்டேட்டோடு பயாஸுக்கும் புதிய பதிப்பு வந்திருந்தால் அது பொறுப்பாகலாம். சில்லினுள்ளே எழுதப்பட்ட ஃபர்ம்வேர் போர்ட்டைக் கெடுப்பது நடவாத காரியமன்று. 2017-க்கும் 2019-க்கும் இடையில் செய்யப்பட்ட லெனோவோ திங்க்பேடுகள் பலவற்றில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரின் குறையால் டைப்-சி போர்ட்டுகள் பழுதாகி, அந்த நிறுவனம் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. எங்கள் கணினியில் பயாஸ் பதிப்பின் தேதி பழையதாகவே இருந்தது. பிறகுதான் டார்ச் விளக்கைப் பிடித்துப் போர்ட்டுக்குள் பார்த்தோம். 24 முனைகள் ஒரு நெல்மணி அளவான நாக்கின் இரு பக்கமும் அணிவகுத்திருக்கும் அந்தக் குறுகிய குகைக்குள்ளே, விபூதியும் குங்குமமும் கற்பூரப் புகையும் சட்டைப் பஞ்சும் சேர்ந்து, செருகும்போதெல்லாம் உள்ளே தள்ளப்பட்டு இறுகி, கடைசியில் ஒரு கெட்டியான அடையாகப் படிந்திருந்தன. செருகி முழு ஆழத்துக்குப் போகவேயில்லை. சந்நிதி வீதியில் கடை வைத்திருப்பவனுடைய போர்ட்டில் பிரசாதம் படிவது ஆச்சரியமன்று. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மெல்லிய மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து சுரண்டி எடுத்தோம். குண்டூசியைக் கொண்டு குத்துகிறவர்களும், வாயால் ஊதி எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்புகிறவர்களும் உண்டு, இரண்டும் ஆகாது. அடை வெளியே வந்தது. போர்ட் உயிர் பெற்றது. இந்தப் போர்ட்டைப் பொறுத்தவரையில் அப்டேட் குயவனின் கழுதையே.

இடப்பக்கத்துப் போர்ட்டின் கதை வேறு. யந்திரம் திடகாத்திரமாக இருக்கிறது, லினக்ஸில் பேசுகிறது, விண்டோஸில் மட்டும் ஊமை. ரிப்பேர் என்று எதையாவது செய்வதற்கு முன் செலவில்லாத இரண்டு காரியங்களைச் செய்தோம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஷட் டவுன் என்று அணைப்பது முழு அணைப்பு அன்று. அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காகக் கணினி தன் உட்கருவின் நிலையை டிஸ்கில் சேமித்துவைத்துக்கொண்டே உறங்குகிறது. கோளாறான நிலையும் சேர்ந்தே சேமிக்கப்படும். ஆகையால் அணைத்து அணைத்துத் திறந்தும் பயனில்லாத இடத்தில் ரீஸ்டார்ட் பயன்படுவதுண்டு. அது பலிக்கவில்லை. சார்ஜரை நீக்கி, அணைந்த கணினியின் பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தை வடித்தோம். அதுவும் பலிக்கவில்லை.

பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வகைவாரியாக அடுக்கியிருப்பதை இணைப்புவாரியாக மாற்றிப் பார்த்தோம். இந்தக் காட்சி மாற்றத்தை அநேகர் செய்வதில்லை. ஆனால் எந்தப் போர்ட் எந்தக் கண்ட்ரோலருக்குக் கீழே தொங்குகிறது என்கிற வம்சாவளி அதில்தான் தெரியும். சில மடிக்கணினிகளில் எல்லாப் போர்ட்டுகளுக்கும் ஒரே கண்ட்ரோலர். சிலவற்றில் ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறு பக்கத்துக்கு ஒன்று. இது இரண்டாவது ஜாதி. வலப்பக்கத்துக் கண்ட்ரோலர் சுத்தமாக இருந்தது, அதன் கீழே மவுஸும் இருந்தது. இடப்பக்கத்துக் கண்ட்ரோலரின் மேலே மஞ்சள் முக்கோணமும், இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்கிற பொருளுள்ள கோட் 10-உம் இருந்தன. அப்டேட் சரித்திரத்தைப் புரட்டினால், அந்த இரவில் வந்தவை ஒன்றல்ல. இயங்குதளத்தின் மாதாந்தர அப்டேட்டோடு, சில்லு செய்த கம்பெனியின் கண்ட்ரோலர் டிரைவரும் கூடவே ஏறியிருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை; ஒரு கடையில் ஒரு கணினியில் கண்டதைக் கொண்டு ஊரறியத் தூற்றுவது தர்மமன்று.

டிரைவர் பக்கத்தில் "ரோல் பேக்" பொத்தான் உயிரோடு இருந்தது பாக்கியம். பல சமயம் அது மங்கிக் கிடக்கும், அப்போது அந்தச் சாதனத்தை அன்-இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்வதோ, கணினி தயாரித்தவர்களின் தளத்திலிருந்து பழைய டிரைவரை எடுத்துப் போடுவதோதான் வழி. பொத்தானை அழுத்தி மறுபடி துவக்கியதும் கைரேகைக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பையன் குதூகலித்தான். நான், "புது டிரைவரை மறுபடியும் போடு" என்றேன்.

"பெரியப்பா, வேல செய்யுது இல்ல? வெளியே ஜனம் நிக்குது!"

ஜனம் நின்றது வாஸ்தவம். ஆனாலும் பழையதைப் போட்டதும் வேலை செய்தது என்பதோடு நிறுத்தினால், அதுவும் ஒரு கழுதையாக இருக்கலாமே? ரோல் பேக் செய்தபோது நடந்த ரீஸ்டார்ட்டே குணப்படுத்தியிருக்கலாம். மறுபடி புதியதைப் போட்டோம். போர்ட் செத்தது, மஞ்சள் முக்கோணம் எழுந்தது. மாதாந்தர அப்டேட்டைத் தொடாமல் இந்த டிரைவரை மட்டும் பழையதாக்கினோம், போர்ட் எழுந்தது. வந்தால் வருகிறது, போனால் போகிறது. அன்வயமும் வியதிரேகமும் பொருந்தியாயிற்று. ஆகவே இடப்பக்கத்துப் போர்ட்டுக்கு அந்த இரவு வந்தவற்றுள் கண்ட்ரோலர் டிரைவரே காரணம். சமமாகச் சந்தேகிக்கப்பட்ட மாதாந்தர அப்டேட் குற்றமற்றது. இனி அவன் விநாயகர் முன் போய் நின்று தாராளமாகப் பிரமாணம் செய்யலாம். ஆனால் முதலில் சொல்ல வந்த வாக்கியத்தை அல்ல.

மதர்போர்டு மாற்றச் சொன்னவரைப்பற்றி எனக்குக் கோபமில்லை. நாளொன்றுக்கு எத்தனையோ கணினிகளைப் பார்க்கிறவருக்கு ஒன்றின்மேல் இவ்வளவு பொழுது செலவழிக்க அவகாசமேது? ஆனால் தண்டனைக்கும் குற்றத்துக்கும் பொருத்தம் வேண்டும். காணிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓடும் பாஹுதா நதிக்கு ஒரு கதை சொல்வார்கள்: சங்கர், லிகிதர் என்கிற சகோதரர்களில் இளையவர், பசி தாங்காமல் பிறர் தோப்பில் ஒரு மாம்பழத்தைப் பறித்ததற்காக, ராஜா அவர் கைகளையே வெட்டுவித்தானாம், இந்த நதியில் ஸ்நானம் செய்ததும் கைகள் திரும்ப முளைத்தனவாம். வெட்டிய கைகள் முளைக்கிற நதி நமக்கு வாய்த்திருக்கிறது. கழற்றி எறிந்த மதர்போர்டும் அதற்குக் கொடுத்த பணமும் முளைக்கிற நதி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்டேட்டுகளை அடியோடு நிறுத்திவிடுவதே க்ஷேமம் என்று யாராவது முடிவுகட்டினால் அது பெரிய ஆபத்தாகும். பையனும் அந்த யோசனையோடுதான் இருந்தான். அவனுக்கு 2017-ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்தினேன். விண்டோஸிலிருந்த ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த வருஷம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்னும் விஷச் செயலி உலகமெங்கும் பரவியபோது, அந்த அப்டேட்டைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. ஆந்திரப் போலீஸ் இலாகாவின் கணினிகள், நமது சித்தூர் ஜில்லாவில் உள்ளவை உட்பட, சில முடங்கின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கணினிகளிலும் அது புகுந்ததாக அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஊரார் கைரேகையும் வங்கிப் பணமும் புழங்குகிற கணினியில் ஓட்டையைத் திறந்து வைத்திருப்பது போர்ட் போவதைக் காட்டிலும் பெரிய கேடு.

ஆகையால் ஒத்திவைப்பது என்று தீர்மானித்தோம். மாதாந்தர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகி, நமக்குச் செவ்வாய் இரவிலோ புதன்கிழமையோ வந்து சேர்கிறது. அமைப்புகளில் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க இடமிருக்கிறது. கெட்ட அப்டேட்டாக இருந்தால் அந்த ஒரு வாரத்துக்குள் ஊரெல்லாம் புகார் எழுந்துவிடும். டிரைவர்களை ஆப்ஷனல் அப்டேட் பட்டியலில் கண்டால், வேலை செய்கிற யந்திரத்துக்கு வேண்டியதில்லை என்று விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். எதைப் போடுவதானாலும் அதற்கு முன் ரிஸ்டோர் பாயிண்ட் ஒன்று. போடுவது சனி, ஞாயிறு கூட்டம் கழிந்த திங்கட்கிழமை இரவில். டைப்-சி போர்ட்டுக்குச் சித்தூர் பஜாரிலிருந்து ஒரு ரப்பர் மூடி வாங்கிப் போட்டிருக்கிறான். பிட்லாக்கர் எண்ணெழுதிய காகிதமும் லினக்ஸ் பெண்டிரைவும் கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. அந்தப் பெண்டிரைவில் உபுண்டுவின் அடுத்த பதிப்பை ஏற்றிக் கொடுக்கும் பொறுப்பு மாத்திரம் என்னிடம் இருக்கிறது.